வழக்கமான மூட்டு வலிதானே என்று இருந்தேன்!

"முழங்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது தாயி!"

என் மாமியார் இப்படிச் சொல்லாத நாள் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக இதே பல்லவிதான். மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியாகிவிட்டது. முடக்கத்தான் கீரை தோசை, தைலம், வெந்நீர் ஒத்தடம், முழங்காலுக்கு மாட்டுகிற உறை என்று எல்லாம் பார்த்தாச்சு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது - கடைசியில் அவர் சொல்வது என் காதில் விழுவதே நின்று போயிற்று. கிரைண்டர் ஓடுகிற சத்தம் மாதிரி அதுவும் வீட்டில் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்த அலட்சியம் அவரது காலையே, ஏன், உயிரையே வாங்கியிருக்கும். நல்ல வேளையாகத் தப்பித்தோம். என்னைப் போல இன்னொரு சகோதரி ஏமாறக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2022-ம் வருஷம் ஆடி மாதம். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். அத்தைக்கு அப்போது 71 வயது. சர்க்கரை வியாதி வேறு. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் விட்டுவிடுவார். ஆடி வெள்ளிக்கு மாரியம்மன் கோவிலுக்கு வெறும் காலோடு நடந்தே போய்வந்தார். ஏற்கெனவே குதிகாலில் பித்தவெடிப்பு. அதில் கல் குத்தி புண்ணாகி, லேசாகச் சீழும் வைத்தது. மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசிக்கொண்டார். "இது ஒரு காயமா?" என்று நானும் விட்டுவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்திருக்கும். ஒரு வியாழக்கிழமை ராத்திரி, "வலது முழங்கால் ஒரு மாதிரியா இருக்கு தாயி" என்றார். "தைலம் தேய்ச்சுட்டுப் படுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் காபிக்கு எழுந்து வரவில்லை. அது அவர் வழக்கமே இல்லை. எவ்வளவு வலி இருந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டாவது அடுப்படிக்கு வந்துவிடுவார். போய்ப் பார்த்தால், வலது முழங்கால் உரித்த தேங்காய் மாதிரி வீங்கிப் போய் இருந்தது. காலை லேசாக மடக்கினபடி வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். நான் நல்லெண்ணெயைச் சுட வைத்து எடுத்துவந்து கை வைத்ததுதான் தாமதம், "ஐயோ, தொடாத தாயி!" என்று ஒரு கத்தல்! இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கத்தட்டும், வீக்கம் வடியணுமே என்று நான் தேய்த்துவிட்டேன். ஒத்தடமும் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

என் வீட்டுக்காரர் கடைக்குச் சரக்கு எடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். அன்று ராத்திரி அத்தைக்குப் பல் கிட்டுகிற மாதிரி நடுக்கம். மூன்று போர்வை போர்த்தியும் அடங்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். விடிகாலையில் வியர்த்துக் காய்ச்சல் குறைந்ததும், "அப்பாடா!" என்று மூச்சு விட்டேன். காய்ச்சலை மாத்திரை அமுக்கிவிட்டது, உள்ளே வியாதி அப்படியேதான் இருக்கிறது என்று எனக்கு எங்கே தெரிந்தது?

சனிக்கிழமை ஆளுக்கொரு யோசனை. எதிர்வீட்டு அக்கா, "இது சிக்குன்குனியாதான். 2006-ல நம்ம தெருவே முடங்கிக் கிடந்துச்சே, மறந்துட்டியா?" என்றார். நாத்தனாருக்குப் போன் செய்தால், "அம்மாவுக்கு இது எப்பவும் இருக்கறதுதானே மதினி! அண்ணன் இல்லாத நேரத்துல ஆஸ்பத்திரிக்கு எதுக்கு இழுத்தடிக்கிறீங்க? ஊசி கீசி போட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்றாள். அது என்னைக் கட்டிப் போட்டுவிட்டது. நாளைக்கு ஏதாவது ஆனால், 'மருமகள்தானே கூட்டிக்கொண்டு போனாள்' என்ற பேச்சு வருமே! மருந்துக் கடையில் சொல்லி வலி மாத்திரையும் நாலு ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சுளுக்கு வழிக்கிற பெரியவர் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தேன். எழுபது வயதுக்காரர். எங்கள் பக்கத்தில் பெயர் பெற்றவர். அவர் எண்ணெயைக்கூடத் தொடவில்லை. புறங்கையை இடது முழங்காலில் வைத்தார், பிறகு வலது முழங்காலில் வைத்தார். மறுபடியும் இடது, வலது. என்னை வாசலுக்கு வரச் சொல்லி, "அம்மா, இது சுளுக்கு இல்லே, வாயுவும் இல்லே. ஒரு கால் பச்சைத் தண்ணியா இருக்கு, ஒரு கால் அடுப்பா இருக்கு. உள்ளே கெட்டுப் போச்சு. நான் கை வைக்க மாட்டேன். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். காசும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த மகராசன் நல்லா இருக்கணும்!

அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. 108-க்குப் போன் போட்டேன். வண்டியில் ஏறிய பிறகுதான் என் வீட்டுக்காரருக்கே சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து நானாக எடுத்த பெரிய முடிவு அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் என் பெரிய பெண்ணைவிட நாலைந்து வயது மூத்த பெண்மணியாகத்தான் தெரிந்தார். மளமளவென்று கேள்விகள். "ஒரு முழங்காலா, இரண்டுமா? எப்போ ஆரம்பிச்சது? சர்க்கரை உண்டா? மூட்டுல ஊசி ஏதாவது போட்டிருக்கா? உடம்புல எங்கேயாவது புண், கட்டி? கடைசியா எப்போ சாப்பிட்டாங்க?" குதிகால் புண்ணைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மா, தேய்மானம்னா வலி கொஞ்சம் கொஞ்சமா வருஷக் கணக்குல வரும். சிக்குன்குனியான்னா கை, மணிக்கட்டு, கணுக்கால்னு இரண்டு பக்கமும் பல மூட்டுல வரும். ஒரே மூட்டு, இரண்டே நாள்ல, இப்படிச் சூடா வீங்கி, அசைக்கவே முடியலேன்னா, 'உள்ளே சீழ் இல்லே'ன்னு நிரூபிக்கிற வரைக்கும் நாங்க அதைச் சீழ்னுதான் வச்சுக்குவோம்."

சொல்லிக்கொண்டே மூட்டில் மரத்துப் போக மருந்து போட்டு, ஊசியால் உள்ளே இருக்கிற நீரை உறிஞ்சினார். ஊசிக் குழாயில் வந்ததைப் பார்த்ததும் என் வயிறு கலங்கிப் போயிற்று. புளித்த மோர் மாதிரி மஞ்சளாகக் கலங்கி வந்தது. நல்ல மூட்டிலும் கொஞ்சம் நீர் இருக்குமாம். அது தெளிவாக, முட்டையின் வெள்ளைக்கரு போலப் பிசுபிசுப்பாக இருந்து மூட்டுக்கு எண்ணெய் விட்ட மாதிரி வேலை செய்யுமாம். அந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 200-க்குள்தான் வெள்ளணுக்கள் இருக்கும். 50,000-ஐத் தாண்டினால் சீழ் என்று பலமாகச் சந்தேகப்படுவார்கள். அத்தைக்கு 80,000-க்கு மேல்! எக்ஸ்ரேயில் பழைய தேய்மானம்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே ஒன்றையும் காட்டாதாம். அதைப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று திரும்பி வந்தவர்களும் உண்டாம். சர்க்கரை 380 இருந்தது.

டாக்டர் விளக்கிய விதத்தில் எனக்கே புரிந்தது. குதிகால் புண்ணில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்து, ஏற்கெனவே பழுதாகி இருந்த மூட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று அதற்குப் பெயர். மூட்டில் சீழ் வைப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாம். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கிற கிருமிதான். உள்ளே போனால்தான் வினை. எலும்பு முனையில் வழவழவென்று ஒரு குருத்தெலும்பு மூடியிருக்கிறதே, சீழ் அதை அரித்துத் தின்றுவிடுமாம். அதற்கு ரத்த ஓட்டம் இல்லாததால் போனால் போனதுதான், திரும்ப வளராது. கிருமி ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. வைத்தியம் பார்த்தும்கூட, இப்படி வந்த பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவுக்கு இறந்து போகிறார்களாம்.

"என்ன மாத்திரை கொடுத்தீங்க?" என்று கேட்டபோது, கடையில் வாங்கின கேப்ஸ்யூலைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுதான் தப்பு. அரைகுறையா ஆன்டிபயாடிக் போட்டா கிருமி சாகாது. ஆனா எந்தக் கிருமின்னு பரிசோதனையில வளராம ஒளிஞ்சுக்கும். முதல்ல நீரையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு எடுத்துட்டு, அப்புறம்தான் மருந்து" என்றார். திட்டவில்லை. "இரண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நீரும் ரத்தமும் எடுத்த உடனே நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் மருந்து மட்டும் போதாதாம். சீழை வெளியேற்றியே ஆகணும். சிலருக்கு ஊசியால் திரும்பத் திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள், சிலருக்கு மூட்டைத் திறந்து கழுவுவார்கள். அத்தைக்கு மயக்கம் கொடுத்து, சின்னத் துவாரங்கள் வழியாகக் குழாயை விட்டு, உப்பு நீரால் மூட்டை அலசி எடுப்பது என்று முடிவாயிற்று. சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார்கள். பத்தாவது முடித்தவள்தான் நான். என் பெயரை எழுத எனக்கு அன்றைக்குக் கை வரவில்லை. அத்தையைப் பார்த்தேன். "நீ எது செஞ்சாலும் சரிதான் தாயி, போடு" என்றார். போட்டேன்.

என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது அத்தை ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். "என்கிட்டே கேட்டிருக்கலாமே" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கழுவினார்கள். கல்ச்சரில் நல்ல வேளையாகக் கிருமி வளர்ந்தது; அதற்கேற்ற மருந்தாக மாற்றினார்கள். இரண்டு வாரம் நரம்பு வழியாக, பிறகு நாலு வாரம் மாத்திரையாக, ஆறு வாரம் மருந்து. சர்க்கரைக்கு இன்சுலின். நாலாவது நாள் காய்ச்சல் விட்டதும், "நான் வீட்டுக்குப் போறேன்" என்று அத்தை அடம்பிடித்தார். "காய்ச்சல் போனா கிருமி போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லேம்மா" என்று நர்ஸ் அதட்டி வைத்தார். வாராவாரம் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒரு பரிசோதனை; அது இறங்க இறங்கத்தான் உள்ளே தணிகிறது என்று அர்த்தமாம்.

வார்டில் ஒருநாள் ராத்திரி, தூக்கம் வராமல் கிடந்த அத்தை திடீரென்று பேசத் தொடங்கினார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்ல, நொண்டித் தம்பி..."

அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இளம் வயதிலேயே வாழ்ந்து முடித்துவிட்டுப் போனவர்.

"அவன் பொறவியிலேயே நொண்டி இல்லே தாயி. 1958 இருக்கும். எனக்கு ஏழு வயசு, அவனுக்கு ரெண்டு. திடீர்னு காய்ச்சல். ஒரு காலை அசைக்கவே மாட்டான். தூக்கினா வீல்னு கத்துவான், துணி மாத்தக் காலைத் தொட்டாலும் கத்துவான். சுளுக்குன்னு சொல்லி எங்க ஆத்தா மடியில போட்டு வழிச்சு விட்டாங்க. நாந்தான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் இடுப்புப் பக்கம் உடைஞ்சு சீழா வந்துச்சு. உசிரு பொழைச்சான், காலு குட்டையாப் போச்சு. சுளுக்குதான், சாமி குத்தம்தான்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன். இதுதானா அது?"

மறுநாள் டாக்டர் வந்தபோது நான் கேட்டேன். "இவ்வளவு வருஷம் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் அப்படியே பொருந்துது. சின்னக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டுல இது வரும். அங்கே மூட்டு உள்ளே ஆழத்துல இருக்கறதால வீக்கம் வெளியே தெரியாது. குழந்தைக்கும் சொல்லத் தெரியாது. காலை அசைக்காது, மடக்கி வெளிப்பக்கமா வச்சுக்கும், டயப்பர் மாத்தினா அழும், பால் குடிக்காது. நடக்கிற குழந்தைன்னா திடீர்னு நடக்க மாட்டேங்கும். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தா காலைக் காப்பாத்திடலாம்" என்றார்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்க ஆத்தாவுக்கு யாரும் சொல்லலே தாயி" என்றார். அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்தக் கட்டுரையை எழுதணும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிஷத்தில்தான்.

நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். வெட்டி வைத்துக்கொண்டாலும் சரி, அக்கம்பக்கத்தில் சொன்னாலும் சரி.

1. ஒரு மூட்டு மட்டும், மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ திடீரென்று வீங்கி, சூடாகி, அசைக்கவே முடியாமல் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். புறங்கையால் இரண்டு பக்கத்தையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். தொட்டுப் பார்த்துத் தெரியாத இடுப்பு மூட்டாக இருந்தாலும் வலி அப்படி என்றால் காத்திருக்கக் கூடாது.

2. காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் காய்ச்சல் இல்லை என்பதால் நிம்மதி அடையவும் கூடாது. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் வரும்.

3. எண்ணெய் தேய்ப்பது, உருவி விடுவது, ஒத்தடம், இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கவே கூடாது.

4. சர்க்கரைக்காரர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறவர்கள், டயாலிஸிஸ் செய்துகொள்கிறவர்கள், மூட்டில் சமீபத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்கணும். செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கு இப்படி ஆனால், கண்ட இடத்தில் ஊசி குத்த விடாமல், அறுவை செய்த டாக்டரிடமே உடனே போக வேண்டும்.

5. என்றைக்கு ஆரம்பித்தது, என்ன மாத்திரை கொடுத்தோம், எங்கே புண் இருக்கிறது, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் எல்லாம் மறந்து போகும்.

6. நன்றாகிவிட்ட மாதிரி தெரிந்தாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வலி குறைந்ததும் டாக்டர் சொன்னபடி பயிற்சி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூட்டு இறுகிப் போகும்.

7. சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணைச் சின்னது என்று நினைக்காதீர்கள். ராத்திரி படுக்குமுன் பாதத்தைப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

அத்தை இப்போது நடக்கிறார். கையில் ஒரு கம்பு உண்டு. ஆனால் அந்த முழங்கால் முன் போல முழுக்க மடங்காது. தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. அந்த இரண்டு நாளுக்கு நாங்கள் கொடுத்த விலை அது. அரிவாள்மனையில் உட்கார்ந்து அரை மணியில் இரண்டு கிலோ அவரைக்காய் நறுக்கியவர், இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கத்தியால் நறுக்கிக்கொண்டு, "இதெல்லாம் ஒரு நறுக்கா?" என்று முணுமுணுக்கிறார். பூஜை அறையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறோம். "சாமிக்குச் சரியா உசரத்துல உட்கார வச்சுட்டீங்களேடா" என்று மகனிடம் சிரிக்கிறார். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னதைக் கேக்காம இருந்தீங்களே மதினி" என்றாள்.

மூட்டு வலிப் புராணம் மட்டும் நிற்கவில்லை! "இன்னிக்கு முழங்கால் தெறிக்குது தாயி" என்று காலையில் ஆரம்பித்துவிடுவார். ஆனால் நான் மாறிவிட்டேன். செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, புறங்கையை இடது முழங்காலில் வைப்பேன், பிறகு வலது முழங்காலில் வைப்பேன்.

"ரெண்டும் ஒரே சூடுதான் அத்தை. இருங்க, தைலம் எடுத்துட்டு வர்றேன்."